செடி பாடினால் மட்டும் போதுமா?

தொட்டால் செடி பாடும் கலைக்கூட வீடியோக்களை இப்போது ஆளுக்கு ஆள் பகிர்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் "செடியோடு பேசுவது" என்று சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: செடியில் ஒரு ஒயர் மாட்டியிருப்பார்கள், நம் கை நெருங்கும்போது ஏற்படும் மின் மாற்றத்தைக் கம்ப்யூட்டர் ஓசையாக்கும், அவ்வளவுதான். செடி இருக்கும் இடத்தில் ஒரு ஈரத்துணியைத் தொங்கவிட்டாலும் சத்தம் வரும்.

இதற்கு வழி போட்டவர்கள் கிறிஸ்டா சோமரர், லோரான் மினியோனோ என்ற இரு கலைஞர்கள். 1990களின் தொடக்கத்தில், நிஜச் செடியின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் திரையில் கம்ப்யூட்டர் செடி வளரும்படி செய்தார்கள். கையின் தூரத்துக்கேற்ப வளர்ச்சியும் மாறும், அதனால் பார்க்க வந்தவர்கள் நிதானப்பட வேண்டியிருந்தது. அதை மதிக்கிறேன். ஆனாலும் வளர்ந்தது திரையில்தானே? 1995இல் கென் கோல்ட்பெர்க் என்ற கலைஞரும் நண்பர்களும் செய்த 'டெலிகார்டன்' எனக்கு இன்னும் பிடிக்கும். யார் யாரோ எங்கிருந்தோ இணையம் வழியாக ஒரு ரோபோ கையை இயக்கி விதை போட்டார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் நிஜம், குடித்த செடியும் நிஜம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்களான நமக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. நம் தாவரவியல் பூங்காவில் நிற்கும் வூட் சைக்காட், பார்வைக்குப் பனை மாதிரி இருக்குமே, அதைத்தான் சொல்கிறேன். 1895இல் தாவரவியலாளர் ஜான் மெட்லி வூட் ஒங்கோயே காட்டில் கண்டது ஒரே ஒரு ஆண் மரம். இன்று உலகத்தில் எங்கெங்கோ இருப்பதெல்லாம் அதன் பக்கக் கன்றுகளிலிருந்து வந்தவை, எல்லாமே ஆண். விதை உண்டாகப் பெண் மரம் வேண்டும், ஆனால் அதை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெண் மரத்தைத் தேடுவதையே கலைப் பணியாக எடுத்துக்கொண்டிருக்கிறார் லாரா சின்டி என்ற கலைஞர். ஒங்கோயே மேல் டிரோன் பறக்கவிட்டு எடுத்த படங்களில் சைக்காட்டின் உருவம் தெரிகிறதா என்று செயற்கை நுண்ணறிவு தேடுகிறது. 2024இல் செய்திகளில் வந்தபோது காட்டின் சிறு பகுதிதான் பார்த்து முடிந்திருந்தது, பெண் மரம் கிடைக்கவில்லை. கிடைக்காமலே போகலாம். இருந்தாலும் செடிக்கு எது வேண்டும் என்று கேட்டுத் தொடங்கிய வேலை இது, அதனால்தான் என் மனசு இதன் பக்கம்.

சரி, நாம் என்ன செய்யலாம்? நம் ஊரின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கறிவேப்பிலையும் துளசியும் வளர்க்கும் வீடுகள் எத்தனை! செடியைப் பார்த்துப் பழகிய கண்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. பூங்காவில் அந்த மரத்துக்குப் பக்கத்தில் ஒரு திரை வைத்து, அந்தக் காட்டுப் படங்களைக் காட்டி, வருகிற பிள்ளைகளையும் பாட்டிகளையும் தேடச் சொன்னால் எப்படி இருக்கும்? பூங்காவோடு தொடர்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அங்கே கேட்டுப் பாருங்கள்.