குத்துச்சண்டைக்காரர் பகிடி சொல்ல வந்தால்

கையுறையைக் கழற்றிய கையோடு மைக்கைப் பிடிக்கிற ஆசை கொழும்புச் சண்டைக்காரர்களுக்கும் வந்துவிட்டது. பொட்காஸ்ட் பத்து எபிசோட் ஓடினால் போதும், "மச்சான், நீ ஸ்டாண்ட் அப் செய்யலாம்" என்று யாராவது ஏற்றி விடுவார்கள். என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். பொட்காஸ்ட், ஸ்டாண்ட் அப் என்கிற தனி ஆள் மேடைப் பகிடி, இரண்டுமே நல்ல தொழில்தான். மேடை முதலில், பொட்காஸ்ட் பிறகு என்பதுதான் வரிசை. பலர் அதை மாற்றிச் செய்கிறார்கள், அங்கேதான் பிழைக்கிறது.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் முதல் சண்டை பெரும்பாலும் நாலு ரவுண்டு. பிறகு ஆறு, எட்டு, பத்து. பட்டத்துக்குப் பன்னிரண்டு. மேடையில் மட்டும், ஆளுக்குப் பெயர் இருந்தால் முதல் நாளே பன்னிரண்டு ரவுண்டைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். ரிக்கெட் விற்கும் என்ற ஒரே காரணம்தான்.

பிரெண்டன் ஷாபை எடுங்கள். யூஎப்சி என்ற அமெரிக்கக் கலப்புச் சண்டை அமைப்பில் ஹெவிவெயிட் வீரர். 2009இல் 'தி அல்டிமேட் ஃபைட்டர்' என்ற தொலைக்காட்சிப் போட்டியின் பத்தாவது சீசனின் இறுதிச் சண்டை வரை வந்தவர், 2011இல் மிர்கோ குரோகொப்பை நொக்அவுட் செய்தவர். மொத்தக் கணக்கு 10 வெற்றி, 5 தோல்வி. சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போதே 2013இல் நகைச்சுவை நடிகர் பிரையன் கேலனோடு பொட்காஸ்ட் தொடங்கிவிட்டார். 2014 டிசம்பரில் டிராவிஸ் பிரவுனிடம் முதல் ரவுண்டிலேயே தோற்றார். அதன் பிறகு அவருடைய நண்பரும் பகிடிக்காரரும் பொட்காஸ்ட்காரருமான ஜோ ரோகன், மைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இனிப் போதும் என்ற கருத்தில் முகத்துக்கு நேரே சொன்னார். கேட்கவே கஷ்டமான உரையாடல், ஆனால் ஒரு நண்பன் செய்ய வேண்டிய வேலை. ஷாப் திரும்ப ரிங்குக்குப் போகவில்லை. 2019இல் ஷோடைம் தொலைக்காட்சி அவருடைய தனி நகைச்சுவை நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதற்கு இணையத்தில் விழுந்த அடி, ரிங்கில் விழுந்ததை விடக் கூட.

அந்த ரோகனும் டேக்வாண்டோ, கிக்பொக்சிங்கில் இருந்து வந்தவர்தான். 1988 ஆகஸ்டில் பொஸ்டனில் முதல் மேடை. 1997இல் யூஎப்சியில் மைக். பொட்காஸ்ட் 2009 டிசம்பரில். மேடைக்கும் பொட்காஸ்ட்டுக்கும் நடுவில் 21 வருசம். அவருடைய கருத்துகளோடு ஒத்துப்போக வேண்டியதில்லை, வரிசையை மட்டும் பாருங்கள்.

வரிசை ஏன் முக்கியம்? பொட்காஸ்ட்டில் சிரிப்பவர் உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிற கூட்டாளி. சிரிப்பது அவருக்கு வேலை. கேட்கிறவர் பஸ்ஸிலோ குசினியிலோ நிற்கிறார், மூன்று நிமிடம் சிரிப்பு வராவிட்டாலும் அவருக்குக் குறையில்லை. உங்கள் குரலோடு பழகிவிட்டார், கதை ஓடினால் போதும். இப்படி இருநூறு எபிசோட் போனால், தான் பகிடிக்காரன் என்று உடம்பே நம்பிவிடும். மேடையில் இருபது விநாடி சிரிப்பு வராவிட்டால் கதிரை இழுக்கிற சத்தம் கேட்கும். ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டையில் எப்போதும் உங்களை வெல்ல விடுகிற கூட்டாளியோடு மட்டும் பழகிவிட்டுப் போட்டிக்குப் போவது போலத்தான் இது.

ஆகவே முதலில் ஐந்து நிமிடம். எம்எம்ஏ என்கிற கலப்புச் சண்டையில் ஒரு ரவுண்டும் ஐந்து நிமிடம்தான், சண்டைக்காரருக்கு அந்த நேரம் உடம்பிலேயே தெரியும். நிதானமாகக் கதைத்தால் நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது சொல். சிரிப்புக்கு விட வேண்டிய இடைவெளியைக் கழித்தால் மிஞ்சுவது நானூறு சொச்சம் சொல், ஏ4 தாளில் ஒன்றரைப் பக்கம். அதற்குள் பதினைந்து இடத்திலாவது சிரிப்பு விழ வேண்டும். ஒவ்வொரு முறையும் போனில் பதிவு செய்து, அடுத்த நாள் காலையில் தாளை முன்னால் வைத்துக் கேட்டு, சிரிப்பு விழுந்த சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். அன்றிரவே கேட்காதீர்கள், அட்ரினலின் பொய் சொல்லும். மூன்று வேறு வேறு இடத்தில் விழாத வரியை எறிந்துவிடுங்கள், அது எவ்வளவு செல்லமான வரி என்றாலும்.

ஒரு வரியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். விஷயம் இது: சண்டைக்குப் பேசின காசு முழுதாக வரவில்லை. புதிதாக வருகிறவர் இப்படிச் சொல்வார்:

"சண்டைக்குப் பத்தாயிரம் எண்டு பேச்சு. காசு குடுக்க வந்தவர் ஏழு எண்ணிப்போட்டு நிப்பாட்டிட்டார், ஆனா ரெஃபரி எனக்குப் பத்து வரைக்கும் எண்ணினவர்."

எல்லாம் இருக்கிறது, சிரிப்பு மட்டும் இல்லை. வெடியை, அதாவது சிரிக்க வைக்கிற சொல்லை, முதலிலேயே கொளுத்திவிட்டார். திருப்பிப் போடுவோம்:

"ரெஃபரி எனக்குப் பத்து வரைக்கும் எண்ணினவர். காசு குடுக்க வந்தவர் ஏழோட நிப்பாட்டிட்டார்."

பரவாயில்லை. ஆனால் சிரிப்பு 'ஏழோட' என்ற சொல்லிலேயே கிளம்பிவிடும், 'நிப்பாட்டிட்டார்' அதன் மேல் ஏறி மிதிக்கும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்பதால் வருகிற தொல்லை இது. ஆங்கில வீடியோக்களில் "வெடிக்கிற சொல்லைக் கடைசியில் வை" என்று படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். எங்கட மொழியில் அதற்கு வேறு வழி இருக்கிறது:

"ரெஃபரி எண்ணினது பத்து. காசு குடுக்க வந்தவர் எண்ணினது… ஏழு."

வினையைப் பெயராக்கி முன்னால் தள்ளியாயிற்று, எண் தனியாகக் கடைசியில் நிற்கிறது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது. அந்த மௌனம்தான் கஷ்டம். அடி விழுந்ததும் தொடர்ந்து அடித்துப் பழகினவருக்கு, அடித்துவிட்டுப் பேசாமல் நிற்பது இயல்புக்கு மாறான வேலை.

உடம்புப் பழக்கம் இன்னும் பல இடத்தில் காட்டிக்கொடுக்கும். சண்டைக்காரர் மைக்கைக் கையுறைக்குள் பிடிப்பது போல முஷ்டியால் பொத்திப் பிடிப்பார். எஸ்எம்58 மாதிரி மைக் முன்னால் இருந்து வருகிற சத்தத்தை எடுத்து, பின்னால் இருந்து வருவதைத் தள்ளுவதற்கென்றே செய்யப்பட்டது. மைக்கின் தலையில் இருக்கிற வலைக்குண்டைக் கையால் மூடினால் அந்தத் தள்ளுகிற வேலை கெட்டுவிடும். ஸ்பீக்கர் சத்தம் உள்ளே வந்து கூவும், குரலும் பானைக்குள் இருந்து கதைப்பது போல மந்தமாகும். தண்டின் நடுவில் பிடியுங்கள், உதட்டில் இருந்து இரண்டு விரல் தூரம். மைக்கை எடுத்ததும் ஸ்டாண்டைத் தூக்கிப் பின்னால் வையுங்கள், உங்களுக்கும் சனத்துக்கும் நடுவில் இரும்புக் கம்பி எதற்கு? நாடியைத் தாழ்த்தி வைக்கிற பழக்கத்தால் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கண் தெரியாது, கண் தெரியாதவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஒருவரையே உற்றுப் பார்ப்பதும் கூடாது. எதிராளிக்கு அது சரி, முன்வரிசையில் இருக்கிற மாமிக்குப் பயமாக இருக்கும். பக்கம் பக்கமாக நகர்வதையும் அடக்க வேண்டும். தொடக்க வரிக்கு ஒரு இடம், வெடிக்கிற வரியை அசையாமல் நின்று சொல்ல வேண்டும்.

இனி மண்டபம். கொழும்பில் தமிழ் மேடை என்றால் உடனே வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து மண்டபங்களைத்தான் யோசிப்போம். அவை கலியாணத்துக்கும் அரங்கேற்றத்துக்கும் கட்டினவை. உயரமான கூரை, சிரிப்பு மேலே போய்த் தொலைந்துவிடும். மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் ஒரு ஓட்டோ ஓடலாம். அந்த முதல் வரிசையிலும் குஷன் கதிரை போட்டுப் பிரதம விருந்தினர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். நாற்பது பேர் வருவார்கள் என்றால் நாற்பது கதிரை மட்டும் கொள்ளும் கூரை தாழ்ந்த அறையைத் தேடுங்கள், சாப்பாட்டுக் கடை மேல்மாடி என்றாலும் பரவாயில்லை. கதிரைகளை முழங்கால் முட்டுகிற அளவுக்கு நெருக்குங்கள், சனத்தின் பக்க விளக்கை அணையுங்கள். மங்கள விளக்கு, வரவேற்புரை எதுவும் வேண்டாம். பொன்னாடை மட்டும் வேண்டவே வேண்டாம். தோளில் பொன்னாடை விழுந்த ஆளுக்குச் சனம் மரியாதை தரும், சிரிப்பைத் தராது.

இங்கே இன்னொரு பொறி, ஊர்ப் பாசம். வெள்ளவத்தையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், "எங்கட பெடியன்" என்று கைதட்டிவிடுவார்கள். கைதட்டலைச் சிரிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொட்டாஞ்சேனைக்குப் போங்கள், ஹட்டனுக்கும் மட்டக்களப்புக்கும் போங்கள். விளம்பரத்தில் பெயர் போடாமல், நிகழ்ச்சியின் நடுவில் ஏழு நிமிடம் தரச் சொல்லிக் கேளுங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சை மலையகத்தில் பகிடி பண்ணினால் ஒருமுறை சிரிப்பார்கள். அந்தச் சரக்கு ஒரு வருசம் தாங்காது.

நிமிடத்துக்கு மூன்று சிரிப்பு வராத ஆளுக்கும் வழி இருக்கிறது. மைக் டைசன் 2012இல் லாஸ் வேகாசிலும் பிறகு பிரோட்வேயிலும் செய்தது எழுதிப் பழகின தனி ஆள் மேடைக் கதை. வரிக்கு வரி பகிடி அங்கே தேவைப்படவில்லை. எங்களுக்கு அது அந்நியமும் இல்லை, கே. எஸ். பாலச்சந்திரன் பஸ் கண்டக்டராக நின்று தனி ஒருவராகச் சிரிக்க வைத்த 'அண்ணை றைற்' கேட்டு வளர்ந்த காதுகள்தான் இவை. எடை குறைக்கத் தண்ணீரை வெட்டி, பிளாஸ்டிக் உடுப்புக்குள் வியர்த்து, போத்தலுக்குள் துப்பித் துப்பி நிறுவையில் ஏறுகிற ஒரு நாளை நாற்பது நிமிடம் சொல்லலாம்.

பொட்காஸ்ட் பிறகு வரட்டும். அதற்கு விஷயம் கிடக்கிறது. 1938 சிட்னி எம்பயர் விளையாட்டில் (இப்போதைய பொதுநலவாய விளையாட்டு) பார்னி ஹென்ரிகஸ் இலங்கைக்கு எடுத்த குத்துச்சண்டைத் தங்கம், 2010 டெல்லி பொதுநலவாய விளையாட்டில் மஞ்சு வன்னியாரச்சி வென்று ஊக்கமருந்துச் சோதனையில் பறிகொடுத்த தங்கம், இரண்டையும் தமிழில் ஒரு மணித்தியாலம் இருந்து கதைக்கலாம்.

சாமான் வாங்கும்போது எல்லாரும் செய்கிற பிழை, ரோகன் மேசையில் பார்த்த எஸ்எம்7பி மைக்கை வாங்குவது. அதற்கு 60 டிபி அளவுக்குக் கெயின், அதாவது சத்தத்தைத் தூக்கிவிடுவது, வேண்டும். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற மலிவான இன்டர்ஃபேஸ் பெட்டியில் குரலோடு இரைச்சலும் சேர்ந்து ஏறும். கண்டென்சர் மைக்கும் வேண்டாம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் எடுக்கும். கம்ப்யூட்டருக்கு யூஎஸ்பியும் இன்டர்ஃபேஸுக்கு எக்ஸ்எல்ஆரும் உள்ள சாம்சன் கியூ2யு மாதிரி ஒரு டைனமிக் மைக் ஆளுக்கொன்று போதும். ஒவ்வொருவர் குரலும் தனித் தனி டிராக்கில் விழ வேண்டும், ஒரே டிராக்கில் விழுந்தால் ஒருவர் இருமினதை வெட்ட மற்றவரின் பகிடியும் போகும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டிபிக்கும் மைனஸ் 6 டிபிக்கும் நடுவில். சிரிக்கும்போது சண்டைக்காரர் மேசையில் அடிப்பார், ஆகவே மைக்கை மேசையில் இருந்து பிரித்துத் தனி ஸ்டாண்டில் வையுங்கள். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் ஏசி உறுமல் குறையும். முடிந்த எபிசோட்டை மைனஸ் 16 லஃப்ஸ் (மொத்தச் சத்தத்தை அளக்கிற அலகு) அளவில் ஏற்றுங்கள்.

கடற்கரைப் பக்க வீடென்றால் ரெயில் நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள். பின்னேரம் பீத்தோவன் மெட்டோடு வருகிற பாண் ஓட்டோவை எந்த மென்பொருளாலும் அழிக்க முடியாது, இரவு பத்துக்குப் பிறகு பதிவு செய்வதுதான் வழி. பிறகு காது. மல்யுத்தம், ஜியுஜிட்சு செய்தவர்களின் வீங்கி இறுகின காதுக்குள் இயர்போன் நிற்காது, சின்ன ஹெட்போன் அழுத்தி அரை மணித்தியாலத்தில் வலிக்கும். காதை முழுதாக மூடுகிற பெரிய கோப்பை உள்ளதை வாங்குங்கள். மூக்கு உடைந்து அடைத்திருந்தால் ம, ன, ங எல்லாம் மழுங்கி விழும், மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து மெதுவாகக் கதைக்க வேண்டும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 2023 மே மாதம் ஸ்டாண்ட் அப் கலைஞர் நட்டாஷா எதிரிசூரிய ஒரு மேடைப் பகிடிக்காகக் கைதானார், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தில். ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்த பிறகுதான் கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது. அந்த வீடியோவை வெளியிட்ட யூடியூப் சனலின் உரிமையாளரும் கைதானார். அறைக்குள் நாற்பது பேர் சிரித்தது, முன்னும் பின்னும் வெட்டின முப்பது விநாடித் துண்டாக வெளியே போனால் வேறு பொருள். 2024இல் இருந்து இணையத்தில் போடுபவற்றுக்கு நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. மண்டபத்தில் போன்களை உறையில் போட்டு வாங்குங்கள், எந்தத் துண்டு வெளியே போகும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். இராணுவம், பொலிஸ் அணிகளில் இன்னும் சேவையில் இருப்பவர் என்றால் எழுத்தில் அனுமதி இல்லாமல் மைக்கைத் தொடவே வேண்டாம்.

கடைசியாகத் தலை. 'ஸ்லாப்சி' மக்ஸி ரோசன்புளூம் 1930களில் லைட் ஹெவிவெயிட் உலகச் சம்பியன், கிட்டத்தட்ட 300 சண்டை. பிறகு ஹொலிவுட்டில் அடி வாங்கி மூளை கலங்கின குத்துச்சண்டைக்காரராகவே நடித்துச் சிரிக்க வைத்தார். அந்தக் கலக்கம் ஒரு நோய் என்று மருத்துவர் ஹரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே எழுதிவிட்டார். அது தின்பவற்றில் ஞாபகமும் நாக்கும் அடக்கம், பகிடிக்காரருக்கு முதலீடே அந்த இரண்டும்தான். மூன்று மாதத்துக்கொரு முறை, சனம் இல்லாத அறையில், அதே ஐந்து நிமிடத்தைத் தாள் பார்க்காமல் பதிவு செய்து பழைய பதிவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஐந்து நிமிடம் ஆறாகியிருந்தால், சொல் குழறியிருந்தால், அடுத்த நிகழ்ச்சிக்கு ரிக்கெட் விற்க முதல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். நிகழ்ச்சிக்கு விளம்பரமாக ஒரு கண்காட்சிச் சண்டையும் வைப்போம் என்று யாராவது வந்தால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.