25 விழுக்காடு யாருக்குப் போகிறது?

அரசு மருத்துவமனைகளுக்காக மத்திய அரசு 2015ஆம் ஆண்டு தொடங்கிய காயகல்ப் திட்டத்தில், தூய்மை, கழிவு மேலாண்மை, தொற்றுக் கட்டுப்பாடு முதலியவற்றில் குறைந்தது 70 விழுக்காடு மதிப்பெண் பெறும் மருத்துவமனைகள் பரிசுக்குத் தகுதி பெறுகின்றன. பரிசுத் தொகையில் 75 விழுக்காடு மருத்துவமனையின் மேம்பாட்டுக்கும், 25 விழுக்காடு அங்கு பணிபுரியும் குழுவினருக்கான ஊக்கத்தொகைக்கும் என்பது வழிகாட்டு நெறிமுறை. காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த 25 விழுக்காடு யார் யாருக்கு, எந்தக் கணக்கில் பிரிக்கப்பட்டது என்று வார்டில் நிற்கும் செவிலியரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்.

என் குறை பணத்தைப் பற்றியது மட்டுமன்று. மதிப்பெண் என்பது ஒரு மருத்துவமனை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. அங்கே யார் எதை மாற்றினார்கள் என்பதைக் காட்டுவதில்லை. புதுக் கட்டடமும் போதிய ஆட்களும் உள்ள மருத்துவமனை அதிகச் சிரமமில்லாமல் 80ஐத் தொட்டுவிடும். ஒழுகும் கூரையின் கீழே 50இலிருந்து 68க்கு ஏறிய மருத்துவமனைக்குப் பரிசு கிடையாது. உண்மையான உழைப்பு இரண்டாவதில்தான் இருக்கக்கூடும்.

நான் அறிந்த ஒரு மகப்பேறு வார்டில், சிசேரியன் ஆன தாய்மார் குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டுவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கேட்டால் ஆள் பற்றாக்குறை என்றார்கள். ஒரு செவிலியர் மட்டும், குழந்தை பிறந்த நொடியிலிருந்து தாயிடம் போய்ச் சேரும் வரை என்னென்ன நடக்கிறது என்பதை நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். எடை பார்க்க, ஊசி போட, கையில் பட்டை கட்ட, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்க, வெளியே காத்திருக்கும் உறவினரிடம் காட்ட எனக் குழந்தை கைமாறிக்கொண்டே இருப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. நிலை சீராக இருக்கும் குழந்தையை முதலில் தாயின் மார்பில் சேர்ப்பது, எடையும் மற்றவையும் பிறகு என்று வரிசையை மாற்றினார்; ஒரு பைசா செலவில்லை. நைட் டூட்டியில் பழைய வழக்கம் திரும்புவதையும் அதே நோட்டுதான் காட்டிக்கொடுத்தது, அதற்கும் வழி செய்தார். சிக்கலைத் தேர்ந்து, அளந்து, சிறிய அளவில் மாற்றிப் பார்த்து, பலன் தந்ததை நிலைநிறுத்துவது என்று தரமேம்பாட்டுப் பயிற்சிகளில் சொல்லித்தரப்படுவது இதைத்தான். மதிப்பீட்டுக் குழு வந்த நாளில் அந்த நோட்டை யாரும் கேட்கவில்லை. புதிதாக அடித்த சுவர் வண்ணத்தைப் பார்த்தார்கள். (பூந்தொட்டிகளும் இருந்தன, குழு போன மறுவாரமே அவை காணாமல் போயின.) பிறகு அவருக்கு இடமாறுதல் வந்தது, நோட்டைத் தொடர்ந்து எழுத ஆளில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இரத்தக்குழாய்க்குள் செலுத்தப்படும் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக வரும் தொற்றைக் குறைக்க நடந்த முயற்சியின் முடிவுகள் 2006ஆம் ஆண்டு வெளியாயின. நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், ஆயிரம் கதீட்டர் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் கதீட்டர் இருந்தால் அது ஒரு கதீட்டர் நாள்) 2.7 ஆக இருந்த தொற்று விகிதத்தின் இடைநிலை மதிப்பு (median) மூன்று மாதங்களில் பூஜ்யத்துக்கு இறங்கியது. கை கழுவுதல், கிருமிநாசினியால் தோலைத் துடைத்தல், தேவையற்ற கதீட்டரை அகற்றுதல் உள்ளிட்ட எளிய ஐந்து செயல்கள்தான். அவசரமில்லாத நேரத்தில் மருத்துவர் அவற்றில் ஒன்றைத் தவறவிட்டால், அங்கேயே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலியருக்கு இருந்தது. ஒரு பணியாளரின் அறிவை மதிப்பதற்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் எனக்குத் தெரியவில்லை. நம் வார்டுகளில் அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த மாத டூட்டி பட்டியலை ஒரு செவிலியர் நிம்மதியாகப் பார்க்க முடியுமா?

ரொக்கப் பரிசை எண்ணிக்கையோடு நேரடியாகக் கட்டிவிடுவதிலும் ஆபத்து உண்டு. தொற்று குறைந்தால் பணம் என்றால், முதலில் குறைவது தொற்றாக இருக்காது, தொற்றைப் பதிவு செய்வதாக இருக்கும். மருந்து மாறிப்போனதைத் தானாக முன்வந்து எழுதிக்கொடுத்தவருக்கு மெமோவும், எதுவுமே நடக்காததுபோல் காட்டியவருக்குப் பொன்னாடையும் கிடைக்கும் இடத்தில் எந்தத் தரமும் உயராது. ஆகவே முறையாக அளந்து முயன்று பார்த்த திட்டங்களுக்கு, எதிர்பார்த்த பலன் வராவிட்டாலும், அங்கீகாரம் கிடைக்க வேண்டும்.

எனக்குத் தோன்றும் வழிகள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. தரமேம்பாட்டு வேலைக்கு வாரத்தில் சில மணி நேரத்தை டூட்டியிலேயே ஒதுக்க வேண்டும்; டூட்டி முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் அதைச் செய்யச் சொல்வது ஊக்கமே அன்று. திட்டத்தை நடத்தியவரின் பெயர் அவருடைய பணிப் பதிவேட்டில் ஏற வேண்டும், மாற்றலாகிப் போகும் இடத்துக்கும் அது கூடவே போக வேண்டும். மாவட்டக் கூட்டங்களில் அந்தத் திட்டத்தைக் கண்காணிப்பாளருக்குப் பதிலாக அதைச் செய்தவரே பேசட்டும்.

அந்த 25 விழுக்காட்டின் பங்கீட்டுப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும் என்பதும் என் கோரிக்கை. தரையையும் கழிப்பறையையும் சுத்தம் செய்து அந்த மதிப்பெண்ணில் முக்கியப் பங்கை ஈட்டித் தருகிற ஒப்பந்தப் பணியாளர்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று அப்போது எல்லோரும் பார்க்கலாம்.