540எம் லப்டொப்பை எறிய வேண்டாம்
கிளிநொச்சித் தம்பி, என்விடியா ஜிடி 540எம் கிராபிக்ஸ் சிப் உள்ள உங்கள் பழைய லப்டொப்பில், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டுத் தங்கச்சியின் வகுப்புக்கு எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு அதை எறியாதீர்கள். மேலே ஒரு அண்ணா, 'என்விடியா 390 ட்ரைவரை நிறுத்திவிட்டது, இனி ஜிடி 540எம் உள்ள லப்டொப்பில் லினக்ஸ் போட்டால் திரையே வராது' என்று எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. 390 என்பது இந்தச் சிப்பை இயக்க என்விடியா தந்த மென்பொருள் (ட்ரைவர்) வரிசை. அதற்கு 2022 இறுதியோடு ஆதரவு முடிந்தது. இரண்டாம் பாதிதான் பிழை.

2011 வாக்கில் வந்த இந்த லப்டொப்புகளில் பெரும்பாலும் இன்டெல், என்விடியா என்று இரண்டு கிராபிக்ஸ் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பாவிக்கும் ஒப்டிமஸ் என்ற முறையில் திரைக்குப் படம் அனுப்புவது ப்ராசசருக்குள் இருக்கும் இன்டெல்தான். அதன் ட்ரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலோடே வருகிறது. தனியாக எதுவும் இறக்கத் தேவையில்லை, டேட்டாவும் மிச்சம். என்விடியா சிப்புக்கு நூவோ என்ற திறந்த ட்ரைவர் உண்டு. ஆனால் அதில் சிப்பை முழு வேகத்துக்கு ஏற்ற முடியாது, ஆகவே பெரிய கேம்களை மறந்துவிடுங்கள்.

தங்கச்சியின் சூம் வகுப்புக்கு இது காணும். யூடியூப்தான் சூடேற்றும்: வீடியோக்கள் எச்.264, விபி9 என்று வெவ்வேறு முறைகளில் சுருக்கப்பட்டிருக்கும். ப்ராசசருக்குள் இருக்கும் இன்டெல் எச்டி 3000 கிராபிக்ஸ், எச்.264 வீடியோவைத் தானே பிரிக்கும், விபி9 என்றால் சுமை முழுக்க ப்ராசசர் தலையில். எங்கள் பக்கத்துப் புழுதியும் வெயிலும் தெரியும்தானே, முதலில் விசிறியைத் துப்புரவாக்குங்கள். அப்புறம் பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, நிறுவாமலே ஓடவிட்டுப் பாருங்கள். திரை வராவிட்டால் இங்கேயே எழுதுங்கள்.