ஏழு மணிகளும் ஒரு முயலும்

கார்த் நிக்ஸ் என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளரின் ‘சாப்ரியல்’ நாவலை மூன்றாம் முறையாக வாசித்து முடித்தேன். 1995-இல் வெளிவந்த இந்த இளையோர் ஃபேண்டஸியை இதுவரை நான்கு நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். இருவர் கொண்டாடினார்கள், ஒருவர் பாதியிலேயே திருப்பித் தந்துவிட்டார், நான்காமவர் புத்தகத்தையே இன்னும் திருப்பித் தரவில்லை. அவர்கள் சொன்னவற்றை வைத்துக்கொண்டு என் தரப்பையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கதையின் முடிவைத் தொட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. இனிமேல் படிக்க எண்ணியிருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

காதல் அவசரமாக முளைக்கிறது என்ற குறையை நான் மறுக்கப்போவதில்லை. இருநூறு ஆண்டுகளாகக் கப்பலின் முகப்புச் சிலையாக உறைந்து கிடந்த ஒருவனை எழுப்பி, சில நாட்களுக்குள் அவன்மீது காதலும் கொள்வதென்றால் வாசகனுக்கு மூச்சுவாங்கத்தான் செய்யும்.

ஆனால் “கதாநாயகிக்கு ஈரமே இல்லை, அப்பாவைத் தேடிப் போகிறவள் இவ்வளவு நிதானமாகவா இருப்பாள்?” என்ற குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. சாப்ரியலுக்குப் பதினெட்டு வயது. அவளுடைய தந்தை அப்ஹார்சன் என்ற பொறுப்பில் இருப்பவர். மற்ற மாந்திரீகர்கள் செத்தவர்களை எழுப்பி ஏவல் வேலைக்கு வைத்துக்கொள்ள, எழுந்து வந்தவர்களைத் திரும்ப உறங்க வைப்பது அவருடைய வேலை. அதற்கான கருவிகள் ஏழு மணிகள். உறங்க வைக்கும் ரன்னாதான் அவற்றில் மிகச் சிறியது. கடைசி மணியான அஸ்டாராயேல் ஒலித்தால், கேட்டவர்கள் மட்டுமல்லாமல் ஒலித்தவரும் சேர்ந்தே மரணத்துக்குள் போய்விடுவார்கள். அந்த மணிகள் தோளில் தொங்கும்போது நாக்கு அசைந்து ஒலித்துவிடாதபடி ஒவ்வொன்றும் தனித்தனித் தோலுறைக்குள் இருக்கின்றன. இப்படியொரு சுமையோடு நடக்கும் பெண், நினைத்த இடத்தில் நின்று கதறி அழ முடியுமா என்பதை என் நண்பர்கள் யோசித்திருக்கலாம்.

இந்நாவலில் மரணம் என்பது குளிர்ந்த ஒரு நதி. அதில் அடுத்தடுத்து ஒன்பது வாயில்கள். நீரோட்டம் கால்களை உள்நோக்கி இழுத்தபடியே இருக்கும். தொடக்கத்தில், காரில் அடிபட்டுச் செத்த ஒரு முயலுக்காகச் சாப்ரியல் அந்த நதிக்குள் இறங்குகிறாள். சற்று முன்புதான் குளிப்பாட்டப்பட்ட முயல் அது. அதன் வெள்ளை ரோமம் அளவுக்கு மீறித் தூய்மையாக இருக்க, அதன்மேல் இரத்தம் படிந்திருக்கிறது. முயல் பிழைத்துவிடுகிறது. நாவலின் பிற்பகுதியில் தந்தையையும் அதே நதியிலிருந்து மீட்டு வருகிறாள்; அவருக்கோ சொற்ப நேரமே மிச்சமிருக்கிறது, அதிலும் பெரும்பகுதி அடுத்துச் செய்ய வேண்டிய காரியத்தைப் பேசுவதிலேயே கழிந்துவிடுகிறது. அதன்பின் அஸ்டாராயேலை ஒலிப்பவர் அவர்தான். முயலை மீட்கத் தெரிந்த கைக்குத் தந்தையை வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதை ஆசிரியர் எங்கும் விளக்கிச் சொல்வதில்லை. அந்த மௌனத்தைத்தான் என் நண்பர்கள் ஈரமின்மை என்று எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

“சிறுவர்களுக்கு இத்தனை இருட்டு தேவையா?” என்றும் ஒருவர் கேட்டார். பிணத்துக்குள் குடியிருக்கும் வேதாளத்தைத் தோளில் சுமந்து நடந்த விக்கிரமாதித்தனின் கதையைப் பள்ளிப் பருவத்திலேயே ரசித்தவர் அவர் என்பது எனக்குத் தெரியும்! உண்மையில், என்னை அச்சுறுத்தியவை நடைப்பிணங்களின் கோரத் தோற்றங்கள் அல்ல. ஓடும் நீரைக் கடக்க இயலாத அவை ஆற்றைத் தாண்டுவதற்காக, உயிருள்ள அடிமைகளை ஏவி, புதைகுழி மண் நிரம்பிய பெட்டிகளை ஆற்றில் போட வைக்கும் ஓர் இடம் வருகிறது. செத்தவர்கள் கரையில் காத்திருக்க, உயிரோடிருப்பவர்கள் அவர்களுக்காகப் பாலம் கட்டுகிறார்கள். அந்தப் பக்கங்களை இரவில் வாசிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

பாதியில் திருப்பித் தந்த நண்பர் சென்ற வாரம் பேச்சுவாக்கில், “அந்த ஒன்பதாம் வாயிலுக்கு அப்பால் என்னதான் இருக்கிறது?” என்று கேட்டார். அதற்கு 2003-இல் வந்த மூன்றாம் பாகம் வரை போக வேண்டும் என்று சொல்லி, முதல் பாகத்தை மறுபடியும் அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.