ஐ.டி.வி. வேறு, சந்தை விலை வேறு
பழைய கார் வாங்குவது பற்றிப் பலர் பகிர்ந்திருக்கும் கருத்து இது: பழைய செடான் காரின் இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் ஐ.டி.வி. (Insured's Declared Value, அதாவது பாலிசியில் அறிவிக்கப்பட்ட மதிப்பு) தொகைதான் அதன் சந்தை மதிப்பு. விற்பவர் அதற்குள் கேட்டால் நம்பி வாங்கலாம்.

அப்படி இல்லைங்க. வண்டி திருடுபோனாலோ முழுச்சேதம் ஆனாலோ இன்சூரன்ஸ் நிறுவனம் தரும் உச்சவரம்புதான் ஐ.டி.வி. அந்த மாடலின் ஷோரூம் விலையில் வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்துப் போடுகிறார்கள். வழக்கமான அட்டவணைப்படி மூன்று வருடம் தாண்டிய வண்டிக்கு 40%, நான்கு தாண்டினால் 50%. ஐந்து வருடத்துக்கு மேல் அட்டவணையே கிடையாது. நிறுவனமும் உரிமையாளரும் பேசி வைத்துக்கொள்வதுதான். ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், கிளட்ச் நிலைமை எதுவும் அட்டவணைக்குத் தெரியாது. 30,000 கி.மீ. ஓடிய டிசையருக்கும், 1,20,000 ஓடி பானெட் மாற்றிப் பெயின்ட் அடித்த டிசையருக்கும் ஒரே தொகை வரலாம்.

சந்தேகம் இருந்தால், ஏதாவது ஒரு இன்சூரன்ஸ் தளத்தில் உங்கள் வண்டி எண்ணைக் கொடுத்துப் புதுப்பிக்கும் பக்கம்வரை போய்ப் பாருங்கள், பணம் கட்ட வேண்டியதில்லை. ஐ.டி.வி.யை ஓர் எல்லைக்குள் நீங்களே கூட்டலாம், குறைக்கலாம். பிரீமியமும் கூடவே நகரும். சந்தை விலை நம் இஷ்டத்துக்கு இப்படி நகருமா என்ன?

விலை தெரிய, அதே வருடம், அதே வேரியன்ட், அதே எரிபொருள், கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர் உள்ள வண்டிகளை உங்கள் ஊர் விளம்பரங்களில் தேடி ஒப்பிடுங்கள். அங்கே போட்டிருப்பதும் கேட்கிற விலைதான், பேசினால் பெரும்பாலும் இறங்கும்.