டிஸ்க் ஹாரோ மேல ஆள ஏத்துறத முதல்ல நிறுத்துங்க

கோடை மழை ஒண்ணு பெஞ்சுட்டா போதும், பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரிக் கொல்லைல எங்க பார்த்தாலும் இதே கொடுமை. 20, 25 குதிரைத்திறன் டிராக்டர் போகுது, பின்னாடி புது பெயிண்டோட டிஸ்க் ஹாரோ, அதான் வட்டத் தட்டுகள வரிசையாக் கோத்த கருவி, சும்மா உருண்டுகிட்டு வருது. மண்ணுல ரெண்டு விரக்கடை கூட இறங்கல. வரப்புல நிக்கிறவர் உடனே யோசனை சொல்றார்: "மேல ஒரு ஆள ஏறி நிக்கச் சொல்லுப்பா." படிக்கிற பையனக் கூட ஏத்தி விடுறாங்க. சுத்துற டிஸ்க்குக்கு நேர் மேல, பிடிச்சுக்க ஒரு கம்பி கூட இல்லாம! நம்ம கொல்லைல கல்லுக்கா பஞ்சம்? ஒரு கல்லு தட்டினா ஹாரோ எகிறும். நிக்கிறவன் விழுறது முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் நடுவுல. ஓட்டுறவர் திரும்பிப் பார்த்து கிளட்ச்ச மிதிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். எடை வேணும்னா எடைய ஏத்துங்கய்யா, மனுசன ஏத்தாதீங்க.

எடை வேணும்ங்கிறது என்னவோ நிஜம்தான். கொத்துக் கலப்பைக்கு, அதான் கல்டிவேட்டருக்கு, சாய்வான முனை இருக்கு, இழுக்க இழுக்க அதுவே மண்ணுக்குள்ள போகும். டிஸ்க்குக்கு அந்த வசதி கிடையாது. தன் பாரத்தால அழுத்தித்தான் அது உள்ள இறங்கணும். அப்போ விக்கிறவங்க முதல்ல சொல்ல வேண்டியது எடையத்தானே? சொல்றது என்ன? "12 டிஸ்க் சார், நல்ல அகலம், ஒரே ஓட்டுல முடிஞ்சிரும்." மொத்த எடை எவ்வளவுன்னு கேட்டா முழிக்கிறாங்க. 200 கிலோ ஹாரோவ 12 டிஸ்க்கால வகுத்துப் பாருங்க, ஒரு டிஸ்க்குக்கு 17 கிலோ கூட வரல. காய்ஞ்சு இறுகின செம்மண்ணுல, அதுவும் சரளை கலந்த நிலத்துல, ஒரு டிஸ்க்குக்கு 30 கிலோவாவது இல்லாம ஓட்டுறது டீசலுக்குப் பிடிச்ச கேடு. சின்ன டிராக்டர் வச்சிருக்கிறவங்ககிட்ட டிஸ்க் எண்ணிக்கையப் பெருசாக் காட்டி விக்கிறது அநியாயம். அதே எடைக்கு டிஸ்க் கூடக் கூட, ஒவ்வொண்ணுக்கும் கிடைக்கிற பாரம் குறையும்.

ஏற்கெனவே வாங்கியாச்சுன்னா, முன்னாடி இடமும் வலமுமா ரெண்டு, பின்னாடி ரெண்டுன்னு இருக்கிற நாலு வரிசைலயும் வெளி ஓரத்து டிஸ்க்க ஒவ்வொண்ணாக் கழட்டிடுங்க. 12 எட்டாகும். 18 அங்குல டிஸ்க் ஒண்ணு சுமார் 5 கிலோ. அதனால மொத்த எடை 180 ஆனாலும் ஒரு டிஸ்க்குக்கு 22 கிலோவுக்கு மேல வந்துரும். கழட்டின இடத்துல அதே நீளத்துக்கு இரும்புக் குழாய்த் துண்டப் போட்டு அச்சு நட்ட இறுக்கணும், மறந்துடாதீங்க. இல்லேன்னா டிஸ்க் அச்சுல ஆடி, சதுர ஓட்டை உருண்டையாத் தேஞ்சு, அந்த வரிசையே குப்பைக்குப் போயிரும்.

மீதி எடைக்கு எங்கயும் அலைய வேண்டாம். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் குவாரில கழிச்சுப் போட்ட கருங்கல் துண்டு கிடக்கு. ஒரு கன அடிக் கல்லு 75 கிலோவுக்குக் குறையாது. ரெண்டு கல்ல முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் நடுவுல, இடமும் வலமும் சமமா வச்சு, சங்கிலி போட்டு இறுக்குங்க. கயிறு வேண்டாம், அறுந்துரும். கல்லு கிடைக்கலேன்னா சிமெண்ட் மூட்டைல மணல் ரொப்புங்க, ஒரு மூட்டை ஏறக்குறைய 50 கிலோ வரும். ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறினா அந்தப் பக்கம் குழி பறிக்கும், மறுபக்கம் சுரண்டிக்கிட்டுப் போகும். இன்னொண்ணு: ஹாரோவத் தூக்கினப்போ டிராக்டரோட மொத்த எடைல ஐந்துல ஒரு பங்காவது முன் அச்சுல நிக்கணும். இல்லேன்னா முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேக்காது. முன்னாடி வெயிட்டு மாட்டுங்க, ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி கல்ல இறக்கிடுங்க.

இதெல்லாம் பண்ற ஆள்லயும் பாதிப் பேர் ஹாரோவத் தூக்கி இறக்குற ஹைட்ராலிக் லீவர நடுவுல வச்சுக்கிட்டு ஓட்டுறாங்க, அதப் பார்த்தாத்தான் வயிறு எரியுது! லீவர் நடுவுல நின்னா ஹாரோவோட பாதி பாரத்த டிராக்டரோட கையே தாங்கிப் பிடிச்சிருக்கும். அப்புறம் எத்தனை கல்லு ஏத்தி என்ன? ஓட்டுறப்போ லீவர் முழுசாக் கீழ இருக்கணும். இழுவை பார்த்துத் தானாத் தூக்குற டிராஃப்ட் லீவர் இருந்தா அதையும் கீழ விடுங்க. இல்லேன்னா மண்ணு கெட்டியான இடத்துல, அதாவது எங்க இறங்கணுமோ சரியா அங்கதான், அது ஹாரோவத் தூக்கிவிடும். டிராக்டரையும் ஹாரோவையும் மேல இணைக்கிற டாப் லிங்க்க ஒரு ரெண்டு சுத்து குறைச்சா முன் வரிசைக்குப் பாரம் போகும். உடையாத மண்ண முதல்ல வெட்டுறது முன் வரிசைதான். ரொம்பக் குறைச்சா பின் வரிசை தூக்கிக்கிட்டு, மண்ணு ரெண்டு பக்கமும் கரையாக் குமிஞ்சு நிக்கும். அப்போ கொஞ்சம் திருப்பி விடுங்க.

டிஸ்க் வரிசையோட கோணத்தப் பல பேர் தொடுறதே இல்ல, கடைல எப்படி வந்துச்சோ அப்படியே ஓடுது. ஃபிரேம்ல மாத்துறதுக்குன்னு ஓட்டை வரிசை இருக்கு. கோணம் கூடினா டிஸ்க் ஆழமாக் கடிக்கும், இழுவையும் கூடும். ஒரே ஓட்டை தள்ளி மாட்டி ஒரு சால் ஓட்டிப் பாருங்க. பின் சக்கரம் வழுக்கினா பழைய இடத்துக்கே வந்துருங்க. வேகமும் மணிக்கு 5, 6 கிலோமீட்டர் போதும். விரட்டினா டிஸ்க் மேல மிதக்கும்.

வாய் மழுங்கின டிஸ்க் எத்தனை பாரம் வச்சாலும் வெட்டாது. வெளிப்புறக் குவிவுப் பக்கமா கிரைண்டர் போடுங்க. இரும்பு நீலம் பாய விடாம விட்டு விட்டுப் பிடிக்கணும். கொல்லன் பட்டறைல காய்ச்சி அடிக்கவே கூடாது, போட்ட பதம் போயி ஒரே பருவத்துல தேஞ்சுரும். புதுசா வாங்குறவங்க முன் வரிசைக்காவது விளிம்புல வெட்டு வச்ச டிஸ்க் கேளுங்க, அது மண்ணையும் பயிர்த் தட்டையையும் நல்லாக் கடிக்கும்.

இத்தனையும் செஞ்சு, காஞ்ச நிலத்துல நேரா ஹாரோவ இறக்கினா அது நிலத்தோட தப்பு இல்ல, ஓட்டுறவரோட தப்பு. நம்ம செம்மண் காய்ஞ்சா சிமெண்ட் தரை மாதிரி. மழை பெஞ்சப்புறம் நாலு விரக்கடை கீழ இருந்து மண்ண எடுத்துப் பிடிங்க. உருண்டை நிக்கணும், விரலால தட்டினா உதிரணும். ராகிக்கோ கடலைக்கோ அதுதான் பதம். அந்தப் பதம் தப்பிருச்சுன்னா முதல்ல அஞ்சு கொத்து வச்ச கலப்பைய ஒருக்கா ஓட்டி, அப்புறம் குறுக்கால ஹாரோ போடுங்க. ஹாரோ கட்டி உடைக்கிற கருவி, உழவுக் கலப்பை இல்ல. வருசக் கணக்கா ஒரே ஆழத்துக்கு ரோட்டவேட்டர் ஓட்டி அடில இறுகிப் போன நிலத்துக்கு, ஆழமாக் கீறுற உளிக்கலப்பைதான் வழி. அத இழுக்க 35 குதிரைத்திறனுக்கு மேல வேணும். பெரிய டிராக்டர வாடகைக்குப் பிடிச்சு, மூணு வருசத்துக்கு ஒருக்கா ஓட்டினாப் போதும்.

18 அங்குல டிஸ்க் எப்படிப் பார்த்தாலும் நாலரை அங்குலத்துக்கு மேல இறங்காது, அதோட விட்டத்துல கால் பங்குதான் கணக்கு. ஒன்பது அங்குலம் உழும்னு யாராவது சொன்னா அந்தக் கடைல வாங்காதீங்க. மொத்த எடைய எழுதிக் குடுக்க மாட்டேன்னு சொன்னாலும் வாங்காதீங்க.