அவனுடைய கல்வெட்டில் நாலு பக்கம் கூடக் கேட்டேன்

எங்கள் வன்னிப் பக்கத்தில் ஒருவர் செத்தால், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருபவர்கள் கையில் ஒரு கல்வெட்டுக் கொடுத்து அனுப்புவோம். வேறு இடத்து நண்பர்களுக்குச் சொல்வதானால், அது ஒரு சின்ன நினைவுப் புத்தகம். அட்டையில் செத்தவரின் படம். உள்ளே திதி வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம், மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். புத்தகத்துக்குப் புத்தகம் அட்டை மாறும், படம் மாறும். உள்ளே இருக்கும் ஆள் மட்டும் மாறுவதில்லை. எல்லாரும் குடும்ப விளக்கு, எல்லாரும் ஊருக்கு நிழல் தந்தவர், எல்லாரும் அதிர்ந்து பேசாதவர்.

என் கூட்டாளி அதிர்ந்து மட்டும்தான் பேசுவான். கிளிநொச்சி தர்மபுரத்தில் அவன் கடைக்குள் நின்று கத்தினால் பரந்தன்–முல்லைத்தீவு ரோட்டில் போகிற பஸ்காரனும் திரும்பிப் பார்ப்பான். போன மாதம் மாரடைப்பில் போய்விட்டான். பெயரை இங்கே எழுதவில்லை. அவனிடம் ஒரு தரமாவது மோட்டார் சைக்கிள் திருத்தியவர்களுக்கு யாரென்று இதற்குள் விளங்கியிருக்கும்.

கல்வெட்டு அடிக்க அவன் அண்ணரோடு நானும் அச்சகத்துக்குப் போனேன். அங்கே கணினியில் பாட்டெல்லாம் தயாராக இருக்கிறது, பெயரை மாற்றினால் சரி. கணினியில் இருந்த பொடியன் நல்ல மரியாதையாகத்தான் கேட்டான்: "அண்ணை, மருமக்கள் புலம்பலும் போடுவமோ?" மூத்த பெட்டைக்கு இந்த வருசம்தான் பதினோராம் வகுப்பு ஓஎல் சோதனை.

செத்தவீட்டன்று சந்தியில் கட்டிய பனரிலும் இதே கதை. அவனுக்குக் கோட்டும் ரையும் போட்டுவிட்டார்கள். சாரம் இல்லாமல் அவனை நான் கண்டது அவனுடைய கலியாணத்தன்று. அன்றும் வேட்டிதான். ஆனால் பனர் அடித்தவர்களைக் குறை சொல்லவும் ஏலாது. வீட்டில் தேடியதில் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் ஒழுங்காகக் கிடைத்தது. கழுத்துக்குக் கீழே ஏதாவது வேண்டுமே!

அங்கேதான் என் கதை தொடங்குகிறது. வன்னியில் ஒருவரின் கல்வெட்டுக்குள் அவருடைய சரித்திரம் இருக்க வேண்டும். பாட்டு இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை. மற்ற இடங்களில் ஒரு மனிதர் போனால் அல்பம் இருக்கும், பழைய கடிதம் இருக்கும், பள்ளிக்கூட ரிப்போட் இருக்கும். எங்களுக்கு 2008, 2009 கடைசிச் சண்டையில் எல்லாம் போய்விட்டது. பங்கருக்குள் போனது, தறப்பாள் கொட்டிலோடு எரிந்தது, கடலேரித் தண்ணீரில் ஊறியது. எங்கள் வயதுக்காரர் பலருக்குச் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லை. அப்படியிருக்க, அச்சில் வரப்போகிற ஒரே புத்தகத்தையும் கடன்வாங்கிய புலம்பலால் நிரப்பினால் என்ன நியாயம்?

மரண அறிவித்தலில் வருமே, இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்று. அண்ணர் எழுதிக்கொண்டு வந்த தாளில் இரண்டுக்கும் தர்மபுரம் என்றே இருந்தது. உண்மையில் அவன் பிறந்தது கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீட்டில், லயக் காம்பிராவில். 1977 கலவரத்தில் அடிவாங்கி, கைக்குழந்தையான அவனையும் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்த குடும்பம். அப்படி வந்து காடு வெட்டிக் குடியேறிய மலையகச் சனம் தர்மபுரத்தைச் சுற்றி எத்தனை பேர்! அதைச் சொல்ல இன்றைக்கும் சிலருக்குக் கூச்சம். கூச்சப்பட வைத்தவர்களும் நாங்கள்தான் என்பது வேறு கதை. வதிவிடம் என்று எழுதப்போனாலோ விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், அப்புறம் செட்டிகுளம் மெனிக்பாம் அகதி முகாம், திரும்பவும் தர்மபுரம். இதில் எதை விடுவது?

அவன் தொழில் பழகியது வன்னிக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில். 1990இல் தொடங்கி 2002 வரைக்கும் பற்றரி, பெற்றோல், சவர்க்காரம், சீமெந்து எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அந்த நாளில் வன்னி மெக்கானிக் என்றால் பாதி விஞ்ஞானி. பெற்றோலுக்கு ஓடவேண்டிய மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெய்யில் ஓடவைப்பான். சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் இரண்டு துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பின்னால் கிளம்பும் வெள்ளைப் புகையில் ஊரே இருமும்.

இரவில் அவன் கடையில்தான் பிபிசி தமிழோசை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் இழுத்து, நடுவில் பழைய றேடியோவில் கழற்றிய டயோட் ஒன்றைப் போட்டு றேடியோவுக்குக் கொடுப்பான். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்து சில்லு மெதுவானால் செய்தி வாசிப்பவரின் குரல் அமுங்கிப் போகும். சனம் முன்னுக்குச் சரியும். உடனே அவன் கத்துவான்: "டேய், சுத்தடா! எத்தினை பேர் எண்டு சொல்லப்போறான்!" எங்கே குண்டு விழுந்தது, எத்தனை பேர் என்று கேட்கத்தான் அவ்வளவு சனமும் நின்றது. செய்தி முடிந்ததும் ஒருவரும் பேசாமல் கலைவார்கள். அவன் மட்டும் டைனமோ சூடாகிவிட்டதென்று என்னை ஏசிக்கொண்டிருப்பான்.

2009 ஏப்ரலில் மாத்தளனில் இருந்து கடலேரியைக் கடந்தபோது ஸ்பானர் சாவிப் பெட்டியை விட்டுவிட்டு வந்தான். மகளைத் தூக்கினால் பெட்டியைத் தூக்க ஏலாது. மெனிக்பாமில் கையில் ஒரு சாமானும் இல்லை. இரவல் பிளையர் ஒன்றும் கம்பித் துண்டும் வைத்துக்கொண்டு, கால் இழந்த ஒரு பொடியனின் சக்கர நாற்காலியை நிமிர்த்திக் கொடுத்தான். அதற்குப் பிறகு அவனுடைய கூடாரத்துக்கு முன்னால் குடை, செருப்பு, வாளிப் பிடி என்று வரிசை. மீள்குடியேறி வந்து கடையைத் திரும்பப் போட்டதெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததே, வடிந்த கையோடு தண்ணீர் குடித்த மோட்டார் சைக்கிள்கள் அவன் வாசலில் நிறைந்துவிட்டன. கழற்றினால் எஞ்சின் ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி வரும். வீடு மூழ்கியவர்களிடம் ஒயிலுக்கு மட்டும்தான் காசு வாங்கினான். வீடு மூழ்காமல் மூழ்கியது என்று சொன்னவர்களை அவன் ஏசிய ஏச்சை இங்கே எழுத ஏலாது. 2022இல் நாடு முழுக்கப் பெற்றோல் வரிசையில் நின்றபோது அவனுக்கு ஒரே சிரிப்பு. "மச்சான், கொழும்பில ஒரு கடை போட்டால் நான் இப்ப கோடீஸ்வரன்." ஆனால் மண்ணெண்ணெய்யும் இல்லாமல் போனதில் அந்தத் திட்டம் சரிவரவில்லை.

இதையெல்லாம் எழுத நாலு பக்கம் கேட்டேன். அண்ணருக்குத் துளியும் பிடிக்கவில்லை. செத்தவனைப் பற்றி நல்லதைத்தான் எழுதவேணும் தம்பி என்றார். வயதில் மூத்தவர், தகப்பன் மாதிரி அவனை வளர்த்தவர். லயத்தையும் முகாமையும் அச்சில் பார்க்க அவருக்கு நோகும் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் கேட்டேன்: இதில் எது கெட்டது அண்ணை? அவர் பதில் சொல்லவில்லை. கடைசியில் அவன் மனைவிதான் முடிவு சொன்னா. "அண்ணா, அவர் கத்துறதையும் எழுதுங்கோ. பிள்ளையளுக்கு அந்தச் சத்தம் மறந்துபோகக் கூடாது." அதற்கு மேல் ஒருவரும் மறுக்கவில்லை. பஞ்சபுராணமும் திதி வெண்பாவும் இருக்கும். புலம்பல் முழுக்க வெளியே.

அடித்ததும் ஒரு பிரதியை, ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கும் 'நூலகம்' இணையத்தளத்துக்கு அனுப்பப் போகிறேன். நினைவு வெளியீடுகளுக்கு அங்கே தனி இடமே இருக்கிறது. படித்தவர்களுக்கும் பதவியில் இருந்தவர்களுக்கும் பக்கத்தில் தர்மபுரத்து மெக்கானிக் ஒருவனும் இருக்கட்டுமே. உங்கள் வீட்டிலும் யாராவது போயிருந்தால், அச்சகத்துக்குப் போக முதல் அவரோடு வேலைசெய்த நாலு பேரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். பாட்டு எழுதத் தெரிய வேண்டிய தேவையில்லை.

இன்னும் ஒன்று. அவனுடைய கடன் கணக்கு ஒரு சீஆர் கொப்பியில் இருக்கிறது. அதில் ஒருவருக்கும் பெயர் இல்லை, வண்டியின் வருத்தம்தான் பெயர். "செயின் கழலுற மாஸ்டர்", "ஹோர்ன் இல்லாத ஐயர்", "பிரேக் பிடியாத சங்கக்கடை" என்று பக்கம் பக்கமாக. ஐயர் மட்டும் தானாக வந்து, சிரித்துக்கொண்டே காசைக் கட்டிவிட்டுப் போனார். மாஸ்டர் இந்தப் பதிவைப் பார்த்தால் ஒருக்கால் வீட்டுப் பக்கம் வந்துபோகவும்.